பறவை தங்கும் ஊரும் உழவர் நலமும்

விடுமுறை நாட்களில் நோணாங்குப்பத்துச் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறையில் வந்து கூடும் ஜனத்திரளைக் காணாத விவசாயி நமது பகுதியில் இலர். ஆறு கடலோடு கலக்கும் காட்சியையும், கழியோரத்து நாரை கொக்குகளையும் கண்டு களித்து, பொழுது சாயுமுன் அவர்கள் திரும்பி விடுகின்றனர். வரப்பில் நிற்கும் குடியானவருக்கு அவர்கள் வரவினால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. இவ்வாறே நமது ஏரிகளுக்கும் வெளியூராரை ஏராளமாக வரவழைத்தால் கிராமங்கள் அபிவிருத்தியடையும் என்று பலர் கூறி வருகின்றனர். வருவோரைப் பெருக்குவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் வேறொன்று உண்டு என்பதே எமது அபிப்பிராயம்.

ஒரு தை மாதத்து விடியற்காலையில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றபோது இவ்வெண்ணம் எமக்கு உறுதிப்பட்டது. அவ்வேரி ஏறக்குறைய 75 ஏக்கர் பரப்பே உள்ளது. தண்ணீரில் நிற்கும் கடப்ப மரங்களில் கிளைக்குக் கிளை கூடுகள். நத்தைகுத்தி நாரையும், கூழைக்கடாவும், கரண்டிவாயனும், வக்காவும், நீர்க்காகமும் குஞ்சுகளுக்கு இரை கொணர்ந்த வண்ணம் இருந்தன. கரையின் மறுபுறத்திலோ பச்சைப் பசேலென்ற நெல்வயல்கள். இவ்விரண்டையும் இணைப்பது ஏரியின் மதகு. பறவைகளின் எச்சம் நீரில் கரைந்து, தழைச்சத்தும் மணிச்சத்துமாக வயலுக்குப் பாய்கிறது. காசு கொடாமல் கிடைக்கும் இவ்வெருவின் அருமையை அவ்வூரார் தலைமுறை தலைமுறையாக அறிவர்.

அறிந்தமையாலேயே அவற்றைக் காத்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் முறையிட்டனர். 1798-ஆம் ஆண்டில் லயனல் பிளேஸ் என்னும் கலெக்டர் அவர்களது உரிமையை ஒப்புக்கொண்டு உத்தரவு அளித்தார். 1858-இல் அவ்வுத்தரவு புதுப்பிக்கப் பெற்றது. சர்க்கார் அதனைச் சரணாலயமாக ஏற்றது 1936-இல்; ராம்சார் உடன்படிக்கைப்படி உலக முக்கியத்துவமுள்ள நீர்நிலையாக அறிவிக்கப்பட்டது 2022-இல். உழவர் காவல் முந்தியது. சட்டமும் வேடிக்கை பார்ப்போரும் பிந்தி வந்தவர்களே.

பிற தேசங்களின் அநுபவமும் இதுவே. சீன தேசத்து ஷென்சி மாகாணத்தில் யாங்சியான் என்னும் மலைநாட்டில், அற்றுப்போயிற்று என்று கருதப்பட்ட கொண்டை அரிவாள் மூக்கன் பறவைகள் ஏழே ஏழு, 1981-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டன. நெல்வயலின் நீரில் மீனும் பூச்சியும் தேடி உண்பது அதன் இயல்பு. ஆதலின் அவ்வூர் உழவர் வயலில் பூச்சிமருந்தை விலக்கவும், குளிர்காலத்தில் நீரைத் தேக்கி வைக்கவும் கேட்டுக் கொள்ளப்பட்டனர். இன்று அப்பறவைகள் ஆயிரக்கணக்கில் பெருகியுள்ளன. அழகிய அக்கிராமங்களை நாடி யாத்திரிகரும் வருகின்றனர். ஜப்பானின் சடோ தீவில் 2008-இல் இதே பறவை மீண்டும் வெளியில் விடப்பட்டது. அங்கே மருந்தையும் ரசாயன உரத்தையும் வழக்கத்தில் பாதியாகவேனும் குறைத்து, நீர்வாழ் உயிர்கள் பிழைக்கும் வண்ணம் பயிரிடுவோரது அரிசிக்குத் தனி முத்திரை அளிக்கின்றனர். பறவையின் பெயரால் விற்கும் அவ்வரிசிக்கு நல்ல விலையும் கிடைக்கிறது.

"நாற்றை மிதித்து, குருத்தைக் கடித்து நாசம் செய்யும் நீலத் தாழைக்கோழிக்கு என்ன செய்வது?" என்று நமது விவசாயி கேட்பார். நியாயமான கேள்வியே. கொக்கு பூச்சியைத் தின்னும், நத்தைகுத்தி நத்தையைத் தின்னும் என்று சொல்லி அவர் நஷ்டத்தை மூடிமறைத்தல் தகாது. பறவையைக் காண்பவர் ஒருவர், அதற்கு இரையளிப்பவர் மற்றொருவர் என்ற நிலை நீடித்தால், சரணாலயம் என்ற சொல்லே உழவருக்குக் கசந்து போகும்.

ஆகையால் எமது யோசனை இது. 2008-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊசுட்டேரியிலும், பங்காரு வாய்க்காலால் நிரம்பும் பாகூர் ஏரியிலும், வருவோரிடம் எந்தக் கட்டணம் வசூலித்தாலும் அதில் ஒரு பங்கு அவ்வேரியின் ஆயக்கட்டு விவசாயிகளுக்கே சேர வேண்டும். பயிர்ச் சேதத்தை ஈடு செய்யவும், வரத்து வாய்க்கால்களைத் தூர் வாரவும் அது பயன்பட வேண்டும். எச்சம் கலந்த ஏரிநீரைப் பரிசோதித்து, எவ்வளவு உரத்தைக் குறைக்கலாம் என்று விவசாய இலாகா கூற வேண்டும். விஷ மருந்தைக் குறைத்து விளைவித்த நெல்லுக்குத் தனி முத்திரையும் தனி விலையும் ஏற்படுத்த வேண்டும்.

நீரும் இரையும் அச்சமின்மையும் இருந்தால் பறவை வரும். பறவை வந்தால் காண்போர் தாமே வருவர். இம்மூன்றையும் அளிக்க வல்லவர் ஏரிக்கரை உழவரே. அவரை முதலில் நினைத்த பின்னரே படகும் பார்வைக் கோபுரமும் அமைத்தல் முறையாகும்.