வளர்த்தவர் ஒருவர், மாற்றுபவர் ஒருவர்

பாளையங்கோட்டை, மேலப்பாளையம், பேட்டை என எவ்விடத்தை எடுத்துக்கொண்டாலும், கல்லூரி முடிந்து பேருந்துக்குக் காத்து நிற்கும் மாணவர் கையில் கைப்பேசியும், அதன் திரையில் ஓர் இணைய விளையாட்டும் இருக்கக் காண்கிறோம். 'காலத்தை விழுங்கும் கருவி' என்று கூறிப் பெரியோர் அதனை ஒதுக்கிவிடுகின்றனர். 'வெறும் பொழுதுபோக்குத்தானே' என்று கூறி இளைஞர் தப்பிவிடுகின்றனர். இவ்விரு கூற்றுகளும் உண்மையை முழுமையாகக் காட்டுவன அல்ல. ஒரு பாத்திரத்தை ஈராண்டு மூவாண்டு உழைத்துப் படிப்படியாக வளர்த்து, அதற்குப் பொழுதும் பொருளும் செலவிட்டபின், ஒருநாள் காலையில் 'அப்டேட்' ஒன்று வந்து அவ்வளர்ச்சியைப் பயனற்றதாக்கிவிடுமாயின், அங்கே நிகழ்வது என்ன? அவ்விழப்புக்குப் பொறுப்பு யாருடையது? இவ்வினா விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை. உழைப்பு, உடைமை, நம்பிக்கை ஆகிய மூன்றையும் தொட்டு நிற்கிறது. ஆதலின் தமிழ்த்துறை மலரிலும் இதற்கு இடமுண்டு எனக் கருதுகிறேன்.

இருவகை வளர்ச்சி

விளையாட்டில் அடையும் வளர்ச்சியை இருவகையாகப் பகுக்கலாம். ஒன்று, ஆடுபவரின் கையிலும் கண்ணிலும் ஏறுகின்ற தேர்ச்சி. மற்றொன்று, நிறுவனத்தின் சர்வரில் அவர் பெயருக்கு நேரே எழுதிவைக்கப்படும் லெவல், படைக்கலம், உடை, தரவரிசை முதலியன. பத்தமடையில் கோரைப் பாய் நெய்யும் பெண்மணியின் திறமை அவர்தம் விரல்களில் குடிகொண்டுள்ளது. தறி மாறினும் வாங்கும் வணிகர் மாறினும் அத்திறமையை எவராலும் எடுத்துச் செல்ல இயலாது. ஆனால், அவர் நெய்த பாய்கள் யாவும் பிறர் கிடங்கில் அடுக்கப்பட்டுச் சாவியும் பிறர் இடுப்பில் இருக்குமாயின், அப்பாய்களை அவர் தம்முடையவை என்று எந்த அளவுக்குச் சொல்லிக்கொள்ள முடியும்? இணைய விளையாட்டுப் பாத்திரத்தின் வளர்ச்சி அக்கிடங்கில் இருக்கும் பாயைப் போன்றது. உழைத்தவர் ஒருவர், மாற்றியமைக்கும் உரிமை பெற்றவர் வேறொருவர்.

நிறுவனங்கள் ஏன் மாற்றுகின்றன என்பதனையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். நிரலிலுள்ள பிழைகளைத் திருத்த வேண்டும். குறுக்கு வழியில் வெல்வோரைத் தடுக்க வேண்டும். ஒரு படைக்கலம் மட்டும் மிகுந்த வலிமை பெற்று ஆட்டத்தின் சமநிலையைக் கெடுக்குமாயின் அதனைக் குறைக்க வேண்டும். புதியவர் உள்ளே வருவதற்கு வழியும் திறந்திருக்க வேண்டும். இவையாவும் நியாயமான காரணங்களே. ஒரு சீசன் முடிந்து அடுத்த சீசன் தொடங்கும்போது தரவரிசை இறக்கப்படுவதை ஆடுபவர் எவரும் பெரிதாகக் குறை கூறுவதில்லை. அவ்விதி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருப்பதும், அனைவர்க்கும் ஒன்றுபோல் இருப்பதுமே அதற்குக் காரணம். முன்னறிவிப்பின்றி ஒருவரது நெடுநாள் ஈட்டத்தின் மதிப்பைக் குறைக்கும் மாற்றமே மனக்கசப்பை விளைவிக்கிறது.

இலக்கணம் காட்டும் வழி

மொழியில் பழையவை விலகுவதும் புதியவை வந்து சேர்வதும் குற்றமாகா என்பது நன்னூலார் கருத்து. ஆயின், அம்மாற்றத்துக்குக் காலமே காரணம் என்பதனையும் அவர் உடன் சேர்த்தே கூறுகிறார். மொழியைப் பேசுவோரே அதனை மாற்றுகின்றனர்; பேசுவோரின் கைக்கு எட்டாத ஓரிடத்திலிருந்து ஆணை வருவதில்லை.

அவ்வாறாயின், மேலிருந்து வரும் மாற்றம் யாவும் தவறானதோ எனின், இல்லை. 1978 அக்டோபரில் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை பிறப்பித்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. இதுவும் மேலிருந்து வந்த 'அப்டேட்' தான். எனினும், பழைய வடிவத்தில் படித்துத் தேர்ந்த முதியவர் எவரும் அதன்பின் எழுத்தறியாதவர் ஆகிவிடவில்லை. புதிய வடிவத்தைச் சில நாள்களில் பழகிக்கொண்டனர். பழைய நூல்களும் நூலகத்தை விட்டு வெளியேற்றப்படவில்லை. இன்றைய மாணவரும் சிறிது முயன்றால் அவற்றைப் படிக்கிறார். மாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டிலும், முன்னர் ஈட்டியது அம்மாற்றத்திற்குப் பின்னும் செல்லுபடியாகிறதா என்பதே முதன்மையான அளவுகோல் என்பது இதனால் விளங்கும்.

உலகம் கற்ற பாடம்

2003இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட 'ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்' என்னும் விளையாட்டு இதற்குத் தக்க சான்று. அதில் முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்களில் விரும்பியவற்றைத் தேர்ந்து பாத்திரத்தை வளர்க்கலாம். 'ஜெடை' என்னும் வீரர் நிலையைப் பல மாத உழைப்பின் பின்னரே எய்த முடியும். 2005 நவம்பரில் வந்த பெரும் புதுப்பிப்பு அத்தொழில்களை ஒன்பதாகச் சுருக்கியது. ஜெடை நிலையைப் புதிதாகச் சேர்பவர் முதல் நாளிலேயே தேர்ந்துகொள்ளலாம் என்றும் ஆக்கியது. புதியோரை ஈர்க்கச் செய்த அம்மாற்றத்தால் பழையோர் பெருமளவில் வெளியேறினர். அதற்குச் சற்றுமுன் விற்கப்பட்ட விரிவாக்கத்தின் விலையைத் திருப்பித் தரவும் நிறுவனம் முன்வர நேர்ந்தது. 2011 டிசம்பரில் அவ்விளையாட்டு அடியோடு நிறுத்தப்பட்டது.

பிரித்தானியாவில் உருவான 'ரூன்ஸ்கேப்' வேறொரு பாடத்தைக் கற்பிக்கிறது. விளையாட்டுப் பொருள்களை உண்மைப் பணத்துக்கு விற்போரைத் தடுக்கும் நோக்கில், 2007 டிசம்பரில் ஆடுவோர் தமக்குள் தடையின்றிப் பண்டமாற்றுச் செய்வது நிறுத்தப்பட்டது. நோக்கம் நன்றாயினும் நெடுநாள் ஆடியவர் மனம் ஒப்பவில்லை. 2011 சனவரியில் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. வாக்களித்தோரில் 90 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் பழைய முறையையே வேண்டினர், அம்முறையும் மீண்டது. 2012இல் போர்முறை மாற்றப்பட்டபோது மீண்டும் எதிர்ப்பு எழுந்தது. 2013இல் மற்றொரு வாக்கெடுப்பு நடத்தி, 2007 ஆகஸ்டில் சேமித்து வைத்திருந்த படியிலிருந்து பழைய விளையாட்டையே தனியாகத் திறந்தனர். அப்பழைய பதிப்பில் முக்கியமான புதுமைகளை ஆடுவோரின் வாக்குக்கு விட்ட பிறகே சேர்க்கும் வழக்கம் ஏற்பட்டது. முதலில் 75 விழுக்காடும், பின்னர் 70 விழுக்காடும் ஒப்புதல் தேவை என வரையறுத்தனர். ஆடுவோரைக் கலந்துகொண்டு செய்த மாற்றம் ஒரு பழைய விளையாட்டை இன்றளவும் வாழ வைத்திருக்கிறது.

நம் நாட்டு அனுபவம்

நம் மாணவர்க்கு நேரடியாகத் தெரிந்த நிகழ்ச்சி பப்ஜி மொபைல் தடையாகும். 2020 செப்டம்பர் 2 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. அவற்றுள் பப்ஜியும் ஒன்று. அக்டோபர் 30 அன்று இந்தியர்க்கான சேவை முற்றிலும் நின்றது. அரசு கூறிய பாதுகாப்புக் காரணங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆண்டுக்கணக்கில் சேர்த்த தரவரிசையும் உடைகளும் படைக்கலங்களும் ஒரே நாளில் எட்டாப் பொருளாயின என்பதே இங்குக் கருதத்தக்கது.

2021 சூலை 2 அன்று 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற பெயரில் அவ்விளையாட்டு மீண்டு வந்தபோது, பழைய கணக்கின் தரவுகளைப் புதிய கணக்கிற்கு மாற்றிக்கொள்ளும் வாய்ப்பும் குறிப்பிட்ட காலத்துக்கு அளிக்கப்பட்டது. பழையோர் திரளாகத் திரும்பியதற்கு இதுவும் முக்கியமான காரணம் என்பது என் துணிபு. 2022 பிப்ரவரியில் கரீனா ஃப்ரீ ஃபயர் தடை செய்யப்பட்டபோதும், அதே கணக்கைக் கொண்டு ஃப்ரீ ஃபயர் மேக்ஸில் தொடர முடிந்ததால் ஆடுவோர் சிதறிவிடவில்லை. 2022 சூலையில் மீண்டும் கடைகளிலிருந்து நீக்கப்பட்ட பேட்டில்கிரவுண்ட்ஸ், 2023 மே மாதத்தில் திரும்ப வந்தது. பெயர் மாறலாம், வாசல் மாறலாம். சேர்த்தது கைக்கு வருமாயின் ஆடுபவரும் உடன் வருவார்.

பற்றும் பிணிப்பும்

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டை மாணவர் உணர்தல் வேண்டும். பற்று வேறு, பிணிப்பு வேறு. ஆட்டம் நன்றாயிருப்பதால் ஒருவர் தொடர்வது பற்று. 'இத்தனை நாள் ஆடிவிட்டோம், இவ்வளவு பணம் கட்டிவிட்டோம், இப்போது விட்டால் அத்தனையும் வீணாகுமே' என்று அஞ்சித் தொடர்வது பிணிப்பு. நாள்தோறும் உள்ளே வந்து போனால் பரிசு, இம்மாத ராயல் பாஸை வாங்காவிடில் இவ்வுடை மீண்டும் கிடைக்காது என்பன போன்ற ஏற்பாடுகள் பிணிப்பை வளர்ப்பன. நிறுவனம் இவ்விரண்டையும் 'விசுவாசம்' என்ற ஒரே கணக்கில் எழுதிக்கொள்கிறது. பற்றுடையவர் குறை கண்டால் வாய் திறந்து சொல்வார். பிணிக்கப்பட்டவர் சொல்லாமல் பொறுத்திருந்து, ஒரு தவறான அப்டேட்டில் ஒரேயடியாகப் போய்விடுவார்.

நம் பெரியோர் 'அமானிதம்' என்றொரு சொல்லை வழங்குவர். ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருள் நம் கையில் இருக்கலாம். அதனால் அது நமதாகிவிடாது. ஆடுவோரின் உழைப்பு பதிந்திருக்கும் கணக்கையும் அந்நோக்கிலேயே நிறுவனங்கள் காத்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை

தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. மேலுள்ள மதகில் ஒருவர் தம் விருப்பம்போல் நீரைத் திருப்பினால் கீழே கடைமடை வாடும். புதிய நிலத்துக்கு நீர் தருவது நற்செயலே. பழைய ஆயக்கட்டின் உரிமையைக் காத்தபின் தருவதே முறை. விளையாட்டு நிறுவனங்களுக்கும் இந்நெறி பொருந்தும். பெருமாற்றத்தைப் போதிய காலத்துக்கு முன்னரே அறிவிக்க வேண்டும். பழைய ஈட்டத்திற்கு ஈடான ஒன்றைப் புதிய அமைப்பில் தர வேண்டும். சேவையை நிறுத்துவதாயின், வாங்கியவர் வேறு வகையில் ஆடுவதற்கு வழிவிட வேண்டும். 2014இல் வெளியான 'தி குரூ' என்னும் விளையாட்டு 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டபின், இக்கடைசிக் கோரிக்கையை முன்வைத்து ஐரோப்பாவில் எழுந்த மனுவில் கையெழுத்திட்டோர் தொகை 2025 சூலையில் 10 இலட்சத்தைக் கடந்தது.

நம் நாட்டில் 2025இல் இயற்றப்பட்ட இணைய விளையாட்டுச் சட்டம் பணம் வைத்தாடுவதைத் தடுப்பதில் முனைப்புக் காட்டுகிறது, அது வேண்டியதே. எனினும் உழைத்து வளர்த்த கணக்கின் நிலையையும் சட்டம் நினைத்துப் பார்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தக்க காரணமின்றி ஒருதலையாக ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமையை ஒரு தரப்புக்கு வழங்கும் ஒப்பந்தங்களை நேர்மையற்றவை என்கிறது. அவ்விதியின் வெளிச்சத்தில் விளையாட்டு நிறுவனங்களின் நீண்ட நிபந்தனைகளை நம் சட்டக்கல்லூரி மாணவர் ஆராய்வாராயின் பயன் பெரிதாகும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்துமுன், எதற்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று ஒருமுறை படியுங்கள். தந்தையார் வெளிநாட்டில் வியர்வை சிந்தி அனுப்பும் பணத்தை, பிறர் கிடங்கில் அடுக்கப்படும் உடைக்குச் செலவிடுமுன் எண்ணிப் பாருங்கள். பெரியோர்க்கும் ஒன்று கூறுவேன். கணக்கை இழந்து வாடும் பிள்ளையை எள்ளி நகையாடாதீர்கள். அவன் இழந்தது அவனளவில் மெய்யான உழைப்பே. அவ்வுழைப்பில் ஒரு பகுதியையேனும் எவரும் பறிக்க இயலாத கல்வியின் பக்கமும் கைத்திறனின் பக்கமும் அன்போடு திருப்பிவிடுவது நம் கடன்.