திருக்கைக் குஞ்சை கூறு போட்டு விற்கலாமா?

சாயங்காலம் ஆபீஸ் விட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் மீன் கடை. கூடையில் உள்ளங்கை அகலத்துக்குத் திருக்கைக் குஞ்சுகள். கூறு போட்டு வைத்திருக்கிறார்கள்.

"வா சார், எளசு சார்! முள்ளே கெடையாது. வாங்கிக்கினு போ!"

பேரம் பேசி வாங்குகிறார் குமாஸ்தா. அந்தக் கூறில் கிடப்பது பாதி மீன்கூட இல்லை, பச்சைக் குழந்தை என்பது வாங்குபவருக்கும் தெரியாது. விற்பவர் அதைப் பற்றி யோசிப்பதும் கிடையாது.

வயிற்றுக்குள்ளேயே பால்!

மத்தி மீன் ஆயிரமாயிரமாய் முட்டை போடும். அதில் பாதி போனாலும் மீதி பிழைக்கும். திருக்கை அப்படி இல்லை. முள்வால் திருக்கை முட்டை போட்டுவிட்டுப் போகிற சாதியே கிடையாது. குட்டி போடும். அதுவும் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான்.

இன்னொரு ஆச்சரியம்! கருப்பைக்குள் இருக்கும் குட்டிக்கு, தாய்த் திருக்கை பால் போன்ற ஒரு சத்து நீரைச் சுரந்து ஊட்டுகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று வீட்டில் திருக்கைக் குழம்பு வைக்கிறோமே, அந்த மீனே பால் கொடுத்துப் பிள்ளை வளர்க்கும் மீன்!

தலையில் இரண்டு கொம்பு போல மடல் நீண்ட ராட்சத மாண்டா திருக்கை இன்னும் மோசம். வயிற்றில் சுமப்பது சுமார் ஒரு வருஷம். போடுவது பெரும்பாலும் ஒரே குட்டி. அடுத்த பிரசவத்துக்கு இரண்டு, மூன்று வருஷம் ஆகும். இதன் செவுள் தகடு சீன வைத்தியத்துக்குப் போகிறது என்பதற்காகவே பல நாட்டுக் கடலில் இதை வேட்டையாடினார்கள். 2013-ல்தான் சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது.

விஷ முள்ளும் வீண் பழியும்

"அது விஷ மீனாச்சே, ஒழிஞ்சா நல்லதுதானே?" என்று கேட்பவர்களும் உண்டு.

வாலில் விஷ முள் இருப்பது நிஜம். 2006-ல் ஆஸ்திரேலிய டி.வி. புகழ் ஸ்டீவ் இர்வின் நெஞ்சில் திருக்கை முள் பாய்ந்துதான் இறந்தார். ஆனால் திருக்கை தேடி வந்து குத்தாது. மணலில் புதைந்து கிடக்கும். தெரியாமல் மிதித்தால் வாலை வீசும். ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தால் தானே விலகிப் போய்விடும். காலில் குத்திவிட்டால், பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்தால் வலி குறையும். பிறகு டாக்டரிடம் போக வேண்டும். இதற்காக ஒரு சாதியையே பகைப்பது நியாயமா?

கொம்பு நட்டுக் கும்பிட்டார்கள்

பட்டினப்பாலையில் ஒரு செய்தி உண்டு. பரதவர்கள் சினைச் சுறாவின் கொம்பை மணலில் நட்டு வணங்கினார்களாம். கொம்புள்ள சுறா என்றால் அது வேளா மீன்தான். பேர் சுறா; சாதியோ திருக்கை! செவுள் பிளவு அடிவயிற்றுப் பக்கம் இருப்பதே அதற்கு அடையாளம்.

அந்த வேளா இன்று எங்கே? ரம்பம் போன்ற அந்தக் கொம்பு எந்த வலையிலும் சிக்கிக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தே தீர்த்தாகிவிட்டது. 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதற்குள் நம் கடலில் காண்பதே அரிதாகிவிட்டது. கதவைப் பூட்டியபோது வீட்டில் சாமான் இல்லை!

மற்ற திருக்கைகளுக்கும் அதே கதியா? 2021-ல் உலக விஞ்ஞானிகள் கணக்கெடுத்தார்கள். சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் ஆபத்தில் இருக்கின்றனவாம். முக்கிய காரணம் அளவு மீறிப் பிடிப்பது.

மீனவரை மட்டும் திட்டலாமா?

கூடாது. "வலைக்கு கண்ணா இருக்கு? வந்ததை இன்னா பண்றது?" என்று மீனவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. டீசல், ஐஸ், கூலி எல்லாம் அவர் தலையில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் திருக்கைக் குட்டி பருவத்துக்கு வர வருஷக் கணக்காகுமே! 61 நாள் அதற்கு எந்த மூலைக்கு?

கேரள அரசு 2015-ல் மத்தி, அயிலை போன்ற மீன்களுக்கு 'இந்த அளவுக்குக் குறைந்தால் பிடிக்கக் கூடாது' என்று சட்டம் போட்டது. திருக்கைக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும். சில சாதி வளர்ந்தாலும் முழம் தாண்டாது. சில சாதி பாயளவு விரியும். ஆகவே எந்தத் திருக்கைக்கு எத்தனை அங்குலம் என்று படத்தோடு ஏலக் கூடத்தில் போர்டு வைக்க வேண்டும். வலையில் மாட்டிய சினைத் திருக்கை அதிர்ச்சியில் குட்டியை ஈன்றுவிடும். உயிரோடு துடிக்கும் குட்டியைக் கடலில் விடுகிறவருக்கு ஏதாவது ஊக்கத் தொகை கொடுத்தால் என்ன?

கம்போடியாவில் நடந்ததைப் பாருங்கள். 2022 ஜூனில் மீகாங் ஆற்றில் 300 கிலோ திருக்கை சிக்கியது. உலகில் இதுவரை எடை போட்ட ஆற்று மீன்களில் அதுதான் பெரியது. பிடித்தவருக்கு மார்க்கெட் விலையைக் கொடுத்துவிட்டு, மீனை ஆற்றிலேயே திருப்பி விட்டார்கள். மீனவருக்கும் நஷ்டமில்லை, மீனும் பிழைத்தது.

அரசு செய்வதற்குள் வீட்டுக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. திருக்கைக் குழம்பை யாரும் விட வேண்டாம். கூறு போட்ட குஞ்சை மட்டும் விட்டால் போதும். "குஞ்சு வேணாம்மா, வளந்ததா இருந்தா குடு" என்று நாலு பேர் கேட்டால் வியாபாரி யோசிப்பார். பத்து பேர் கேட்டால், குஞ்சுக்கு ஏலத்தில் விலை இருக்காது.