பிள்ளைக்கு இரண்டு பெயர் ஏன்?

சில மாதங்களுக்கு முன் நாம் ஒரு கிராமத்திற்குப் பிரசாரத்திற்காகப் போயிருந்தபோது, கூட்டம் கலைந்த பிறகு ஒரு விவசாயக் கூலித் தோழர் வந்து நம்மிடம் தனியாகப் பேச வேண்டுமென்றார். அவருடைய மகனுக்கு இரண்டு பெயராம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஒரு பெயர். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் வேறொரு பெயர். கோயில் புத்தகத்தில் அவன் கிறிஸ்தவன். தாலுகா ஆபீஸ் காகிதத்தில் இந்து ஆதிதிராவிடன்.

“ஐயா, பொய் சொல்லாதே என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நான், அவன் வாழ்க்கையைப் பொய்யில் ஆரம்பித்து வைத்தவனும் நான். சாமியாரிடம் இதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. நீங்கள் சாமியே இல்லை என்கிறவர்கள், அதனால் உங்களிடம் சொல்கிறேன். நான் செய்தது தப்பா?” என்று கேட்டார்.

அன்றைக்கு அவருக்குச் சரியான பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அந்தப் பதிலையே இங்கு எழுதுகின்றோம்.

முதலில் நம் நிலையைச் சொல்லிவிடுகின்றோம். கன்னி வயிற்றில் பிள்ளை பிறந்ததையும், செத்தவர் மூன்றாம் நாள் எழுந்ததையும் நாம் நம்புகிறவர்களல்ல. மற்ற மதங்களின் கதைகளுக்கு நாம் என்ன மதிப்புக் கொடுக்கின்றோமோ, அதே மதிப்புத்தான் இவைகளுக்கும். ஆனால், ஒரு மனிதன் தனக்குச் சரியென்று பட்டதை நம்பவும், நம்பியபடி நடக்கவும், அதைப் பத்துப் பேர் முன் ஒளிக்காமல் சொல்லவும் உரிமையுள்ளவன் என்பது நம் கொள்கை. கிறிஸ்தவனுக்கு அந்த உரிமை இல்லாத தேசத்தில் நாத்திகனுக்கு மாத்திரம் எங்கிருந்து வந்துவிடும்?

இனி அந்தத் தோழரைப் பொய் சொல்ல வைத்தது யார் என்று பார்ப்போம்.

1936-ல் வெள்ளைக்கார சர்க்கார் ஷெட்யூல்டு வகுப்பாரின் ஜாபிதாவைப் போட்டபோது, இந்தியக் கிறிஸ்தவர் எவரும் அதில் சேரமாட்டார் என்று எழுதிவிட்டது. அந்த சர்க்காரின் ராஜாவே கிறிஸ்தவர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சுயராஜ்யம் வந்தது. 1950 ஆகஸ்டு 10-ந் தேதி ஜனாதிபதியின் உத்தரவு ஒன்று வந்தது. அதன் மூன்றாவது பாராவில், இந்து மதம் அல்லாத வேறு மதத்தைத் தழுவியவர் ஷெட்யூல்டு வகுப்பாராகக் கருதப்பட மாட்டார் என்று கண்டிருந்தது. 1956-ல் சீக்கியர்களுக்கும், 1990-ல் பௌத்தர்களுக்கும் அந்தக் கதவைத் திறந்துவிட்டார்கள். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் திறக்கவில்லை. மலைவாசிகளான பழங்குடியாருக்கோ எந்த மதத்திற்குப் போனாலும் இப்படி ஒரு தடை கிடையாது.

சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துப் பிழைக்கிற ஒரு தோழர், தம்மைப் போன்ற மற்றவர்களுக்கு இனாமாகக் கொடுக்கப்பட்ட கடைப்பெட்டி, தாம் கிறிஸ்தவர் என்பதற்காகத் தமக்கு மறுக்கப்பட்டது என்று சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1985-ல் தீர்ப்பாயிற்று. மதம் மாறிய பிறகும் சாதி இருக்கிறது என்று காட்டினால் மாத்திரம் போதாது. அந்தச் சாதியினால் வருகிற இழிவும் கஷ்டமும் புது மதத்திலும் அதே கடுமையோடு இருக்கிறது என்று ருசுப்படுத்த வேண்டும் என்றார்கள். செருப்புத் தைக்கிறவர் புள்ளிவிவரத்திற்கு எங்கே போவார்? அவர் தோற்றார்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. கிறிஸ்தவனாயிருந்தவன் மறுபடியும் இந்துவாகி, சாதியாரும் அவனைச் சேர்த்துக்கொண்டால், அவனுக்குப் பழைய சாதியும் அதன் சலுகையும் திரும்பக் கிடைக்கும் என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அப்படியானால் சாதி செத்துப்போகவில்லை, கொடியில் கழற்றிப் போட்ட சட்டை போல் காத்துக்கொண்டிருந்தது என்றுதானே அர்த்தம்? திரும்பி வருகிறவனுக்காகக் காத்திருக்கிற சாதி, அவன் போன இடத்தில் மாத்திரம் அவனை விட்டுவிட்டதாம்! பிறகு 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் மாதா கோயிலுக்குப் போய் வருகிறவர் என்பதனால், இந்து என்று சொல்லிக்கொண்டு சலுகை கேட்பது அரசியல் சட்டத்தையே மோசம் செய்வதாகும் என்று அதே கோர்ட் தள்ளிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய் என்று கேட்டு உத்தியோகம் கொடுக்கிற சர்க்காரை மதச்சார்பற்ற சர்க்கார் என்று எப்படிச் சொல்லுவது?

நம் ராஜ்யத்தில் இவர்களைப் பிற்படுத்தப்பட்ட வகுப்பாரோடு சேர்த்திருக்கிறார்கள். அதாவது, நிலத்தில் கூலிக்கு நிற்கிறவனை, நிலத்துக்குச் சொந்தக்காரன் மகனோடு ஒரே வரிசையில் ஓடச் சொல்லியிருக்கிறார்கள்.

நிற்க. குற்றம் முழுவதையும் சர்க்கார் தலையில் போட்டுவிட்டு ஆயர்களும் பாதிரிகளும் தப்பித்துக்கொள்ள நாம் விடப்போவதில்லை.

நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகஸ்தர். டச்சுக் கம்பெனியில் ஊழியம் பார்த்திருந்த டிலனாய் மூலம் கிறிஸ்து மதத்தை அறிந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சுமார் மூன்று வருஷம் சிறையிலும் சித்திரவதையிலும் வைத்துப் பார்த்தும் அவர் மாறவில்லை. 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி மலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய நம்பிக்கை நமக்கு வேண்டாம். அவருடைய முதுகெலும்பு நமக்கு வேண்டும். ஆனால் அவர் சபையார் செய்ததென்ன? உத்தியோகத்தையும் உயிரையும் விட்டவருடைய பெயருக்குப் பின்னால் “பிள்ளை” என்னும் சாதி வாலை மாத்திரம் விடாமல் ஒட்டி வைத்திருந்தார்கள். 2022-ல் ரோமாபுரியில் அவரைப் புனிதராக்கிய சமயத்தில்தான் அந்த வால் அறுந்தது. அதையும் ஒருவர் எழுதிக் கேட்டதற்குப் பிறகே அறுத்தார்கள்.

அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் சாதிக்கொரு பக்கமாக, கால்சட்டை போல் இரண்டு கிளையாக மாதா கோயில் கட்டி, நடுவில் தடுப்பும் வைத்துக் கும்பிட்டார்கள். 1910-ல் கௌசானல் என்ற பாதிரியார் அந்தத் தடுப்பை இடித்தார். மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தடுப்பு வேண்டுமென்று கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். அதோடு புத்தி வந்ததா? திருச்சியில் கல்லறைத் தோட்டத்திற்குள்ளேயே சுவர் வைத்துப் பிணங்களைச் சாதி பிரித்துப் புதைத்தார்கள். எறையூரில் 2008 மார்ச்சில், ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டுமென்று கேட்டதன் மேல் கலகமாகி, போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் இரண்டு உயிர் போயிற்று. செத்தவர்களும் கிறிஸ்தவர்கள், எதிரே நின்றவர்களும் கிறிஸ்தவர்கள்.

ஆயர்கள் டில்லிக்குப் போய், “எங்கள் சபையில் சாதிக் கொடுமை இருக்கிறது, ஆதலால் சலுகை கொடுங்கள்” என்கிறார்கள். ஊருக்கு வந்து பிரசங்க பீடத்தில் ஏறி, “கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று” என்கிறார்கள். டில்லியில் சொல்வது மெய்யானால், ஊரில் அதை ஒழிக்க என்ன செய்தீர்கள் என்று கேட்கின்றோம்.

“சாதி வேண்டாம் என்று போனவர்கள் சாதியின் பேரால் சலுகை கேட்கலாமா?” என்று சில கெட்டிக்காரர்கள் கேட்கக்கூடும். சலுகை சாதிக்கு அல்ல. சாதியால் நேர்ந்த கேட்டுக்கு. டீக்கடைக்காரன் தனி டம்ளர் எடுக்கும்போது ஞானஸ்நானப் பத்திரத்தைக் கேட்டுப் பார்ப்பதில்லை. அவனை அடித்தால்கூட, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கிறிஸ்தவன் என்ற காரணத்தால் அவன் பக்கம் வராது. இன்னொரு ஆட்சேபணை யோக்கியமானது. இருக்கிற பங்கிலேயே இவர்களையும் சேர்த்தால், முன்பே அரை வயிற்றுக்குச் சாப்பிடுகிறவர்களின் சோறு குறையுமே என்பது. உண்மை. ஆதலால் தலை எண்ணி, பங்கையும் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம். 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் அந்த மூன்றாவது பாராவை எடுத்துவிடச் சொல்லிற்று. 2023 ஏப்ரலில் நம் சட்டசபையும் கிறிஸ்தவ ஆதிதிராவிடர்களுக்கு அந்த உரிமை வேண்டுமெனத் தீர்மானம் செய்தது. 2022-ல் மத்திய சர்க்கார் போட்டது இன்னொரு கமிஷன். கமிஷனுக்கு மேல் கமிஷன் உட்கார்ந்து எழுந்திருப்பதற்குள் அந்தப் பையன் கிழவனாகிவிடுவான்.

இந்த விஷயத்தில் நமக்கும் வெட்கம் உண்டு என்பதை ஒளிக்கவில்லை. கடவுள் இல்லை என்று மேடையில் பேசுகிற நம்முடைய தோழர்கள் பலரின் சர்டிபிகேட்டிலும் “இந்து” என்றுதான் இருக்கிறது. நாமும் அந்தக் காகிதத்தை நீட்டித்தான் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்திருக்கிறோம். ஆகவே, அந்தத் தகப்பனாரைப் பொய்யர் என்று சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது.

தோழரே, தங்களுக்கு நம் பதில் இதுதான். பசித்தவன் சோற்றுக்காகப் போட்ட வேஷத்தின் பாவம், வேஷம் போட்டால்தான் சோறு என்று சட்டம் வைத்தவனையும், ஒரே பந்தி என்று அழைத்துத் தனி இலை போட்டவனையுமே சேரும். ஆனால் தங்களுக்கும் ஒரு கடமை உண்டு. பையனிடம் இரண்டு பெயரின் காரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். எந்தப் பெயரில் படித்தாலும், படித்து முடித்தபின் அந்த மூன்றாவது பாராவையும், மாதா கோயில் வரிசையையும் எதிர்த்துப் பேசுகிறவனாக அவனை வளர்த்துவிடுங்கள். அவன் சாமி கும்பிடட்டும், கும்பிடாமல் போகட்டும். அது அவன் இஷ்டம். ஒரே பெயரோடு அவன் வீதியில் நடக்கிற நாள் வந்தால் நமக்கு அதுவே போதும்.