கடலின் மீது பழி போடுவோர்

"கடலன்னை சீறினாள்" என்றனர் சிலர். "விதி முடிந்தது" என்றனர் வேறு சிலர். "இயற்கையின் சீற்றம்" என்று படித்தோரும் பண்பாடினர். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைச் சூறையாடிய பின் நாம் கேட்ட ஒப்பாரிகள் இவை. எதிலும் குற்றவாளி இல்லை. எனவே கேள்வியும் இல்லை!

நாம் கேட்கிறோம்: கடல் ஏன் சூடேறியது? நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்தெரித்து மாந்தர் மூட்டிய வெப்பத்தில் பெரும்பகுதியை விழுங்குவது கடலே. சூடேறிய நீர்தான் புயலுக்குத் தீனி. முன்பெல்லாம் புயலெனில் வங்கக் கடல். இன்றோ அரபிக் கடலிலும் புயல்கள் பெருகுகின்றன, விரைந்து வலுக்கின்றன. ஒக்கி ஒன்றை மட்டும் சுட்டி அறுதியிடல் அறிவியலாகாது. ஆயினும் எரித்தவன் எங்கோ மாளிகையில். அலையில் புரண்டவன் தூத்தூரிலும் சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் பிறந்த ஏழை.

எச்சரித்தோம் என்றனர் அதிகாரிகள். எவரை? தூத்தூர் வட்டார மீனவர் சுறாவைத் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குபவர். புயலுக்குப் பெயரே பிறவாத நாளில் புறப்பட்டவர். கரையிலிருந்து கூவும் வானொலி அவர்தம் செவியை எட்டுமோ? ஒக்கி என்றால் வங்க மொழியில் கண்ணாம்! பொருத்தமான பெயர்தான், பார்வைதான் இல்லை.

டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். காணாமற்போனோரைத் தேடுங்கள் என்பதே முழக்கம். எல்லைப் போராட்டம் நடத்தி 1956இல் தமிழகத்தோடு இணைந்த மண்ணின் மக்கள், தேடச் சொல்வதற்கும் போராட வேண்டியவராயினர்! இறந்தோர் குடும்பத்திற்கு 20 லட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்தது, மறுக்கவில்லை. ஆனால் உடல் கிட்டாதவன் இறந்தவனென ஏற்க ஏழாண்டு பொறுக்கச் சொல்கிறது சட்டம். அதைத் தளர்த்தவும் தனிக் குரல் எழுப்ப நேர்ந்தது. படகுக்குக் கடன் கொடுத்தவன் ஏழு நாள் பொறுப்பானா?

கடற்கரையோடு நின்றதா அழிவு? நாஞ்சில் நாட்டு வாழை சாய்ந்தது. மலையடிவார ரப்பர் முறிந்தது. தோட்டக்காரரிடம் பட்டா உண்டு. எனவே சேதக் கணக்கில் இடமும் உண்டு. வாழைத்தார் சுமந்தவளுக்கும் பால் வெட்டியவனுக்கும் எந்தப் பதிவேட்டில் இடம்? முறிந்த மரத்தின் குழியில் நட்ட ரப்பர்க் கன்று பால் தர ஏறத்தாழ ஏழாண்டு ஆகும். அதுவரை அக்குடிசையில் உலை எதனால் கொதிக்கும்?

நிவாரணப் பட்டியலில் நிலத்திற்கு ஒரு பத்தி வரைந்தோரே, நாட்கூலிக்கும் ஒரு பத்தி வரையுங்கள். அடுத்த புயலுக்கு முன் வரையுங்கள்.