கல்யாண நோட்டீஸில் வீட்டு முகவரி எதுக்கு?



அடுத்த தடவை ரெஜிஸ்டர் ஆபீஸ் பக்கம் போனா, அங்கே இருக்கிற நோட்டீஸ் போர்டை ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணம் முடிக்க மனு கொடுத்தவர்களின் அறிவிப்பு அங்கேதான் ஒட்டப்படும். பெயர், வயது, தொழில், தங்கியிருக்கும் முகவரி, நிரந்தர முகவரி எல்லாம் அதில் இருக்கும். ஆட்சேபணைக்கு 30 நாள் அவகாசம். அறிவிப்புப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்று 6-வது பிரிவே சொல்கிறது.

அதோட விடல. நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் ஒரு நகல் அந்த ஊர் அலுவலகத்துக்கும் போகும், அங்கேயும் ஒட்டுவாங்க. யாருக்குப் பயந்து ஒரு பெண் ஊரை விட்டு வந்தாளோ, அவங்க கண்ணெதிரே அரசாங்கமே விலாசத்தைக் கொண்டுபோய் வைக்குது!

இருவரும் இந்துக்களாக இருந்து இந்து திருமணச் சட்டத்தில் மணந்தால் இந்த 30 நாள் காத்திருப்பே கிடையாது. அண்ணா ஆட்சியில் வந்த 7ஏ பிரிவின்படி சுயமரியாதைத் திருமணம் செய்தாலும் கிடையாது. மதம் மாறாமல் மதம் கடந்து மணப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்தத் தண்டனை.

"ஏமாத்துக் கல்யாணத்தைத் தடுக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் ஏற்கும் ஆட்சேபணைகள் சிலதான்: ஏற்கெனவே துணை உயிரோடு இருப்பது, வயது, மனநிலை, தடைசெய்யப்பட்ட உறவுமுறை. சாதி, மதம் அந்தப் பட்டியலிலேயே இல்லை. இதையெல்லாம் அதிகாரி ஆவணம் வாங்கிச் சரிபார்க்கலாம். அதற்குத் தெரு பெயரும் கதவு எண்ணும் சுவரில் தொங்கணுமா?

கேரளத்தில் இந்த அறிவிப்புகள் இணையத்திலேயே ஏற்றப்பட்டன. மதவெறிக் கும்பல்கள் அவற்றை எடுத்துச் சமூக ஊடகத்தில் பரப்பிய பிறகு, 2020-ல் அந்த மாநில அரசு இணையத்தில் ஏற்றுவதை நிறுத்தியது. 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், மணமக்கள் எழுத்தில் கேட்டால் மட்டும் அறிவிப்பை வெளியிடுங்கள் என்றது. ஆனால் நாடு முழுக்கச் சட்டம் அப்படியேதான் இருக்கு.

இதில் ஒரு வேடிக்கை. 2023-ல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்த ஒன்றிய அரசு, "தனிப்பட்ட தகவல்" என்று காரணம் காட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை இறுக்கியது. அதிகாரிகளைப் பற்றிக் கேட்டால் அந்தரங்கம். காதலர்களின் கதவு எண்ணுக்கு மட்டும் அது கிடையாதா?

6, 7 பிரிவுகளை ஒன்றிய அரசு திருத்த வேண்டும். அதுவரை பதிவுத்துறை, அறிவிப்பு நகல்களில் முகவரியை மறைத்து ஒட்ட வழி காண வேண்டும். உங்க தொகுதி எம்.பி.க்கு இந்தக் கோரிக்கையை இன்றைக்கே எழுதுங்க. பதில் வந்தால் கீழே பதிவிடுங்க. பாதிக்கப்பட்டவர்களின் பெயரையும் ஊரையும் மட்டும் போடாதீங்க.