வாயிலை அடைத்தலும் வழுவைக் களைதலும்

தீங்கு எவ்வழியாக வந்ததோ அவ்வழியை அடைத்துவிட்டால் தீங்கு ஒழிந்தது என்னும் எண்ணம் கணிப்பொறி பயில்வாரிடையே பெரிதும் நிலவுகின்றது. இது பிழைபட்ட எண்ணம் என்பது எமது துணிபு. 1996 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிப்பட்டு, பல்வகைக் கணிப்பொறிகளையும் நிலைகுலையச் செய்த ஒரு வழுவின் வரலாறே இதற்குத் தக்க சான்றாகும். அதனைப் ‘பிங் ஆஃப் டெத்’ என வழங்குவர்.

பிங் என்பது, பிறிதொரு பொறி விழித்திருக்கின்றதா என வினவி விடை பெறும் எளிய கருவி. இணையத்தில் எச்செய்தியும் பொதிகளாகவே செல்லும். 1981 இல் ஜான் போஸ்டல் பதிப்பித்த ஐ.பி. விதியின்படி, தலைப்பகுதி உட்பட ஒரு பொதி 65,535 பைட்டுகளுக்கு மேற்படலாகாது. ஈதர்நெட்டோ ஒரு முறைக்குப் பொதுவாக 1,500 பைட்டுகளே சுமக்கும். ஆதலின் பெரும்பொதி துண்டுகளாகச் செல்லும். ஒவ்வொரு துண்டும், முழுப்பொதியில் தான் அமரவேண்டிய இடத்தைத் தன்மேற் பொறித்துக்கொண்டு வரும். அவற்றை மீளப் பொருத்துதல், இயக்கமுறைமையின் உள்ளீடாகிய கெர்னலின் கடமை.

அக்காலத்து விண்டோஸ் 95 பொறியில் ஒருவர் 65,510 பைட்டுகள் கொண்ட பிங்கை அனுப்பக் கட்டளையிடலாம். அதனோடு பிங்கின் தலைப்பு 8, ஐ.பி. தலைப்பு 20 ஆகியன சேர, மொத்தம் 65,538 ஆகும். மிகுதி மூன்றே பைட்டுகள்! தனித்தனியே நோக்கின் எத்துண்டின் அளவும் முறையானதே. தொகையே வரம்பு கடந்தது. அத்தொகையைப் பல கெர்னல்கள் கூட்டிப் பார்த்தில. ஒதுக்கிய நினைவிடத்திற்கு அப்பாலும் எழுதிவிட்டு, பொறி செயலற்று நின்றது. அன்றேல் தானே மீளத் தொடங்கிற்று.

இதற்குத் திருத்தம் யாது? துண்டு அமரும் இடத்தையும் அதன் நீளத்தையும் முதலிற் கூட்டுக. வரம்பு மீறின் பொதியைத் தள்ளுக. இவ்வளவே. ஆயினும் வலைக்காவலர் பலர் வாயிலிலேயே பிங்கைத் தடுத்து அமைந்தனர். திருத்தம் வந்தெய்தும் வரையில் அது தக்க முதலுதவியே. அதனை யாம் பழியோம். ஆனால் அதனையே மருந்தெனக் கொள்வது தவறு. குற்றம் பிங்கில் இல்லை, பொருத்துதலில் உள்ளது. துண்டுகளாய் வரும் பிற வகைப் பொதியும் அதே கேட்டை விளைக்க வல்லது. அன்றியும், தடையினால் நேர்மையாய் வினவுவோரும் விடை இழப்பர்.

கெர்னலைத் தொடுதல் இடர் மிக்கது, பொறியை நிறுத்திவைக்கவும் நேரும் என்பாருளர். உண்மையே. எனினும் அச்சத்தால் விட்ட வழு உறங்குவதேயன்றி இறப்பதில்லை. ஒரு முறை கற்ற பாடமும் என்றைக்கும் போதுமானதன்று. 2013 ஆகஸ்டு மாதத்தில், ஐ.பி.வி6 முறையில் பிங் சார்ந்த செய்தி வகையால் விண்டோஸ் செயலற்றுப்போகும் வேறொரு வழுவை மைக்ரோசாஃப்ட் திருத்த நேர்ந்தது.

மாணவ நண்பர்களே, நீவிர் எழுதும் நிரல் ஒருநாள் தடுமாறக் கூடும். அன்று, தடுமாறச் செய்த உள்ளீட்டை மட்டும் விலக்கிவிட்டு அமையாதீர். நிரல் எதனை ஆராயாது நம்பிற்று என்று வினவுமின். பகுதிகள் செவ்வனே இருப்பினும் தொகையைக் கூட்டிப் பார்க்குமின். பிறர் அறியாது கெர்னலில் ஒரு வரியைச் செப்பஞ்செய்வோன் பலர்தம் பணியைக் காக்கின்றான். அத்தகைய பொறுமையுள்ள உழைப்பாளர் நம் கல்லூரியினின்றும் தோன்றுக என்பதே எமது வேண்டுகோள்.