ஆணையிட்டால் விளையுமா?

உலகம் வெளியேற்றும் பச்சைவீட்டு வாயுக்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, உணவை விளைவித்தல், பதப்படுத்தல், கொண்டுசெல்லல், வீணாக்கல் ஆகிய கருமங்களால் உண்டாவதாகும். நீர் தேங்கிய நெல்வயலிலிருந்து மெதேன் எழுகின்றது. பயிர் உறிஞ்சாது எஞ்சும் யூரியாவிலிருந்து, காபனீரொட்சைட்டிலும் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமூட்டவல்ல நைதரசு ஒட்சைட்டு பிறக்கின்றது. ஆகவே உணவு முறைமையைத் திருத்தாது காலநிலையைக் காத்தல் இயலாது. அதனைத் திருத்தும் பொறுப்பு யாருடையது என்பதே வினா.

இவ்வினாவுக்கு இலங்கை அரசு அளித்த விடையை நாடு மறந்திருக்காது. பத்தாண்டுகளிற் சேதனப் பசளைக்கு மாறுவோம் என 2019இல் வாக்களித்தவர்கள், 2021 மே மாதத்தில் ஒரு வர்த்தமானி அறிவித்தலால் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தனர். அந்நியச் செலாவணி வற்றிவந்த வேளை அது. ஆயினும், கிளாஸ்கோ காலநிலை மாநாட்டை ஒட்டி அத்தடைக்குச் சூழற் பாதுகாப்பு என்னும் பொன்னாடை போர்த்தப்பட்டது. பல்கலைக்கழக விவசாய அறிஞர் பலர் எச்சரித்தனர், கேட்பாரில்லை. நவம்பரில் தடை தளர்ந்தபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது. 2021இல் ஏறத்தாழ 51 இலட்சம் மெற்றிக் தொன்னாக இருந்த நெல் விளைச்சல், 2022இல் 34 இலட்சமாக வீழ்ந்தது. ஆணையிட்டவர் எவரும் அந்நட்டத்தைச் சுமக்கவில்லை, கமக்காரனே சுமந்தான்.

இதிலிருந்து சிலர், அரசு இனிக் கமத்தொழிலில் தலையிடவே கூடாது என்னும் முடிவுக்கு வருகின்றனர். இதுவும் அவ்வாணைக்குச் சளைக்காத பேதைமையே. 2016இல் 44 இலட்சம் தொன்னாக இருந்த விளைச்சலை, வர்த்தமானி எதுவுமின்றியே 2017இன் வறட்சி 24 இலட்சமாக்கிற்று. அரசு விலகி நின்றால் வானமும் விலகி நிற்குமா?

வயலை இடைக்கிடை காயவிட்டு நீர் பாய்ச்சினால் மெதேன் குறையும் என்பது ஆய்வுகள் நிறுவிய உண்மை. இரணைமடுவின் கீழ்ப் பயிரிடும் ஒருவர் தனித்து நின்று இதனைச் செய்தல் கூடுமா? வாய்க்காலில் நீர் வரும் நாளைப் பயிர்ச்செய்கைக் கூட்டமும் நீர்ப்பாசனத் திணைக்களமும் அல்லவா தீர்மானிக்கின்றன? யூரியாவின் கதையும் இத்தகையதே. 1962இல் தொடங்கிய மானியம் பசளை மூட்டையை மலிவாக்கிற்று. அளவறிந்து இடக் கற்பிக்கவேண்டிய கிராம மட்ட விரிவாக்க அலுவலரோ 1989இல் நிருவாகப் பதவிகளுக்கு மாற்றப்பட்டனர். மிஞ்சிய நைதரசன் வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்றாகக் கலந்து நிற்கின்றது.

எனவே அரசிடம் நாம் கேட்கவேண்டியவை தெளிவானவை: மண்ணைச் சோதிக்கும் கூடம், வயலுக்கு வரும் போதனாசிரியர், தூர்வாரிய குளம், மாற்றத்தின் முதல் நட்டத்தைத் தானே ஏற்கும் காப்புறுதி. இவற்றை முதலில் அளிக்காது கமக்காரனை மாறச் சொல்லும் உரிமை எந்த அரசுக்கும் இல்லை. இவற்றை அளிக்கும் கடமையிலிருந்து விலகும் உரிமையும் எந்த அரசுக்கும் இல்லை.